சும்மா என்றால் யார் தலையில்?

"சும்மா" என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும். அந்த அம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்குவார், அதற்கு மேல்வழியாக நம்மைப் பார்ப்பார், "சும்மான்னா யார் தலையில?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். பதில் சொல்லாமல் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. நான் பலமுறை நகரப் பார்த்திருக்கிறேன், நடக்கவில்லை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கோயம்புத்தூரிலிருந்து போன் வரும், எனக்குத் திட்டு விழும். அப்போது மலையாள நாட்டுத் தலைநகரில், கரமனை அக்கிரகாரத் தெரு ஒன்றில் வீடு. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ரெக்கார்டு பிரிவில் கம்ப்யூட்டர் வேலை, அதுவும் ஒப்பந்தத்தில். தோளில் ஒரு கறுப்புப் பை, பைக்குள் சொந்தக் காப்பி பிளாஸ்க். யார் ஆபீசுக்குப் போனாலும் அங்கே ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டார். இவ்வளவு தெரிந்தால் போதும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் எனக்கு ஆபீஸ். ஆபீஸ் என்றால் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. மொத்த வியாபாரிகளுக்குப் பில் போடும் சாப்ட்வேர் செய்து கொடுப்பது என் பிழைப்பு. பூர்வீகம் நாஞ்சில் நாடு. காசு விஷயத்தில் என் கை தானாக மடங்கிக்கொள்ளும் என்று என் மனைவியே நாலு பேர் முன்னால் சொல்லுவாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

எங்கள் தொழில் முழுக்க ஒரு டேட்டாபேசை நம்பி இருந்தது. டேட்டாபேஸ் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. பில், சரக்கு, வாடிக்கைக்காரர் விவரம் எல்லாவற்றையும் அடுக்கி வைக்கும் அறை. இதை எங்கோ பனி கொட்டும் நாட்டில் ஒரு சின்னக் கம்பெனி செய்தது. உலகத்தில் அதை வைத்திருப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம். கல்ஃபிலிருந்து திரும்பிய ஒரு எஞ்சினியர் மூலமாக எப்போதோ இந்த ஊருக்குள் வந்து, சாலைக் கடைகளிலும் ஒன்றிரண்டு ஆஸ்பத்திரிகளிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்ல சரக்கு, குறை சொல்லக் கூடாது. கரண்ட் போனாலும் தாங்கும், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ஆனால் அது படுத்துவிட்டால் ஏன் படுத்தது என்று பார்க்க நம்மைப் போன்ற புரோகிராமர்களுக்கு ஒரு டூலும் கிடையாது. திரையில் பிழை என்று ஒரு எண் வரும், அவ்வளவுதான். ஜன்னலே இல்லாத அறை.

அந்த ஜன்னலை வைத்தவர் இந்த அம்மாதான். ஆஸ்பத்திரியில் ஒருநாள் நோயாளிகளின் ரெக்கார்டு திறக்காமல் போய், கம்பெனிக்காரர்கள் கையை விரித்ததும், "இனி இவாளை நம்பிப் பிரயோஜனம் இல்லை" என்று தானே ஒரு டூல் எழுதத் தொடங்கினாராம். விடியற்காலையில் எழுந்து, வீட்டு வேலைக்கு முன்னால், மாதக்கணக்கில் எழுதியிருக்கிறார். அது பைலைத் திறந்து ஒவ்வொரு பதிவாகக் காட்டும், எங்கே உடைந்தது என்று சொல்லும், சரி செய்யும். திரையின் மூலையில் ஒரு பொத்தான் இருக்கும்: "எல்லாம் வெளியே எடு". அமுக்கினால் அறைக்குள் இருப்பது முழுக்கச் சாதாரணப் பட்டியலாக வெளியே வந்துவிடும். நாளைக்கே வேறு டேட்டாபேசுக்குப் போக வேண்டுமென்றால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பலாம். டூலுக்கு அவர் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. நாங்கள்தான் "கரமனை" என்று கூப்பிட்டோம்.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு சித்திரை மாதம். சித்திரை ஒன்று எங்கள் கடைகளில் புதுக்கணக்கு. அந்த வருஷம் என் வாடிக்கைக்காரரான அரிசிக் கடை முதலாளி, "இனிமே நோட்டுப் புத்தகம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர்லதான்" என்று அறிவித்துவிட்டார். நான் கொடுத்த தைரியம்தான். கணக்குப்பிள்ளைக்கு அறுபது வயது. பிள்ளையார் சுழி போடாமல் அவர் ஜென்மத்தில் கணக்கு தொடங்கியதில்லை. நோட்டு இல்லையென்றால் என்ன? குளித்து, திருநீறு பூசி, கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, முதல் பில்லைத் திறந்தார். பில் எண்: பூஜ்யம். பெயர்: உ. சரக்கு: லாபம். கும்பிட்டுவிட்டு ஒன்றாம் எண்ணிலிருந்து வியாபாரத்தை ஆரம்பித்தார்.

பூஜ்யம் எண்ணில் ஒரு பதிவைக் கண்டால், அந்த டேட்டாபேஸ் "இத்துடன் முடிந்தது" என்று எடுத்துக்கொள்ளும். அது எனக்கும் தெரியாது. அதற்குப்பிறகு போட்ட பில்லெல்லாம் உள்ளே போயிற்று. ஒன்றும் வெளியே தெரியவில்லை. மூன்றாம் நாள் முதலாளி பட்டியல் கேட்டபோது திரை துடைத்து வைத்தது போல இருந்தது. கணக்குப்பிள்ளை அழுதே விட்டார். நான் பனி நாட்டுக்கு மெயில் அனுப்பினேன். "பூஜ்யம் எண்ணில் யாரும் பில் போடுவதில்லையே" என்று பதில் வந்தது. போடுவதில்லையாம்! போட்டுத்தானே இங்கே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறோம்?

ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா இருக்கிறார், அவரைக் கூப்பிடு என்று ஒருவர் சொன்னார். கூப்பிட்டேன். சாயந்திரம் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து, மாடிப்படி ஏறி, பையை இறக்கி வைத்து, லேப்டாப்பைத் திறந்தார்.

"டூலோட புதுப் பிரதியை எறக்கணும். நெட் உண்டோ?"

"வைஃபை இருக்கு மேடம். கீழக் கடையிலேர்ந்து வருது. சும்மாதான்."

கண்ணாடி இறங்கியது. நான் முதன்முதலாக அதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சும்மான்னா யார் தலையில?"

"அது... கீழக் கடைக்காரர் தலையில."

"அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது. பாஸ்வேர்டை செவுத்துல எழுதி ஒட்டியிருக்கார். நான் பார்த்து வச்சுக்கிட்டேன்."

"போய்க் கேட்டுண்டு வாங்கோ. நான் இருக்கேன்."

"மேடம், அங்க அரிசிக் கடையில மூணு நாள் வியாபாரம் காணல்ல—"

"கேட்டுண்டு வாங்கோ."

என்ன பொம்பிளை இது என்று முனகிக்கொண்டே இறங்கிப் போனேன். ஹார்டுவேர் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த ஆணிப் பொட்டலத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு நாளும் நீருதானா வேய்? நெட்டு இழுக்க மாட்டேங்குன்னு மூணு மட்டம் ஆளைக் கூட்டிட்டு வந்து, பெட்டியையே மாத்தினேனே!" அவர் மாற்றிய புது வைஃபை பெட்டியின் விலையையும் சொன்னார். அந்த மாதத்திலிருந்து நெட் செலவில் பாதி என்னுடையது.

மேலே வந்தபோது அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. வேலையைத் தொடங்கினார். அரிசிக் கடைக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த கணக்குப்பிள்ளையும் முதலாளியும் பின்னால் நின்றார்கள். கால்மணி நேரம் ஆகியிருக்கும். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"பிள்ளையார் நடுவழியில உக்காந்துண்டிருக்கார். பின்னால எல்லாரும் வரிசையில நிக்கறா, அவரைத் தாண்டி வர முடியாம."

"அப்ப அந்தப் பதிவை அழிச்சிரலாமா மேடம்?" என்றேன்.

கணக்குப்பிள்ளை குறுக்கே பாய்ந்தார். "சுழியை அழிச்சா வருஷம் பூரா விளங்குமா? என் கையால நடக்காது!"

அந்த அம்மா பரிகாசம் பண்ணவில்லை. கொஞ்சம் யோசித்தார். ஒன்றாம் எண்ணைக் கொடுக்க முடியாது, அந்த எண்ணில் பில் அடித்து வாடிக்கைக்காரர் கையில் போயாகிவிட்டது. "மைனஸ் ஒண்ணு கொடுக்கலாம். டேட்டாபேஸ் ஏத்துக்கும்," என்றார்.

"பிள்ளையாருக்கு மைனஸா?"

"எல்லாருக்கும் முன்னால உக்காரணம்னா மைனஸ்லதானே உக்காரணும் மாமா? பூஜ்யத்துக்கும் முன்னால."

கணக்குப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டு, சரி என்றார். பிள்ளையார் மைனஸ் ஒன்றில் போய் உட்கார்ந்தார். மூன்று நாள் பில்லும் மளமளவென்று திரையில் வந்து விழுந்தது. அடுத்த வாரமே டூலில் ஒரு புது விதியும் சேர்ந்துவிட்டது: பூஜ்யம் எண்ணில் யார் வந்தாலும் மைனஸ் ஒன்றில் உட்கார வை. அதை நாங்கள் பிள்ளையார் ரூல் என்போம்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. பில்லைச் சரிபார்க்கும்போது கீழே இருந்த ஒரு வரியைக் காட்டி, "மகமைன்னு போட்டிருக்கே, இதென்ன?" என்று கேட்டார்.

"அது மூட்டைக்கு இவ்வளவுன்னு வியாபாரிகள் சங்கத்துக்குப் போகும் மேடம். கோயில் விளக்கு, பள்ளிக்கூடம், தெருக் காவல்காரர் சம்பளம், எல்லாம் அதிலேர்ந்துதான்."

"யார் தலையில?"

"எல்லார் தலையிலயும் கொஞ்சம் கொஞ்சம். பெரிய கடை, சின்னக் கடை, எல்லாரும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் அவருக்குத் திருப்தியாக இருந்ததை நான் அதற்குப் பிறகு ஒருபோதும் பார்த்ததில்லை. அந்த வரியை என் சாப்ட்வேரில் நானே என் கையால் எழுதியிருந்தேன். எனக்கு அது வெறும் ஒரு கட்டம்தான்.

போகும்போது டூலை என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தார். "யார் தலையிலன்னு நீங்க கேக்க மாட்டேள். நானே சொல்லிடறேன். இப்போ என் தலையில. ரொம்ப நாள் தாங்காது, கேட்டேளா?" என்றார். நான் தலையாட்டினேன். அதை வைத்து அடுத்த இரண்டு வருஷத்தில் எத்தனை கடையில் ரிப்பேர் பார்த்தேன், எவ்வளவு சம்பாதித்தேன் என்று சொன்னால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவருக்கு ஒரு பைசா அனுப்பவில்லை. பிழை வந்தால் மட்டும் மெயில் அனுப்புவேன், அவசரம் என்று தலைப்புப் போட்டு.

இரண்டு வருஷம் கழித்து டூலை வைத்துப் பிழைக்கும் எங்கள் எல்லோருக்கும் அவரிடமிருந்து மெயில் வந்தது. ஆஸ்பத்திரி வேறு சாப்ட்வேருக்கு மாறுகிறது, ஓணத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. அதற்குமேல் டூலைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. இதற்கு யார் பணம் கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்து பேசலாம், வாருங்கள்.

தம்பானூரில் ஒரு ஓட்டல் மாடியில் கூடினோம். அவரும், என்னையும் சேர்த்துச் சின்ன சாப்ட்வேர் கடை நடத்தும் ஐந்து பேரும். அவர் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"சேச்சீ, இது டேட்டாபேஸ் கம்பெனி செய்யேண்ட காரியமல்லே?" என்றார் பக்கத்தில் இருந்தவர். மலையாளத்துக்காரர். அக்கா, இது கம்பெனி செய்ய வேண்டிய காரியமில்லையா என்று கேட்கிறார். அந்த அம்மா காகிதத்தில் எங்களிடமிருந்து கம்பெனிக்கு ஒரு அம்புக்குறி போட்டார்.

"கம்பெனி எழுதியிருக்கு. ஆள் கொறைவு, அவாவா ஊர்ல புரோகிராமர்களே செஞ்சுக்கட்டும்னு."

"நம்ம எங்க மேடம் செய்ய? கடைக்காரங்கதான் கொடுக்கணும்," என்றேன் நான். அடுத்த அம்பு.

"கடைக்காரர் கொடுப்பாரோ?"

"சாப்ட்வேர் வித்தவன்தான் பார்க்கணும்னு சொல்லுவார்." அம்பு எங்களிடமே திரும்பி வந்தது. சர்க்காரிடம் கேட்கலாம் என்றார் ஒருவர். சர்க்கார் கம்பெனியைக் கேட்கும் என்றார் இன்னொருவர். அந்த அம்மா காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அம்பெல்லாம் சேர்ந்து ஒரு வட்டமாக இருந்தது.

"இதுக்கு நடுவுல இப்ப நான் நிக்கறேன். ஓணத்துக்கு அப்பறம் நிக்க மாட்டேன்," என்றார்.

சப்ளையர் டீக்குப் பில் கொண்டுவந்து வைத்தார். அதற்கு யார் கொடுப்பது என்றும் ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் தன் பிளாஸ்க்கை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அப்போதுதான் தெய்வமே இறங்கி வந்தது போலப் பனி நாட்டுக் கம்பெனியிலிருந்து அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. டூலை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள், அவருக்கு இரண்டு வருஷம் சம்பளம் கொடுக்கிறார்கள், டூல் எல்லோருக்கும் இலவசம். அடேயப்பா, எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கு மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கிப் போனேன். எங்கள் எல்லோருக்கும் அந்தக் கடிதத்தை அனுப்பி வைத்த அந்த அம்மா, அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "நான் ஒத்துக்கப் போவதில்லை."

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸிலேயே கரமனைக்கு ஓடினேன். வீட்டில் சாப்பாட்டு மேசைதான் அவருடைய ஆபீஸ். ஒரு பக்கம் லேப்டாப், இன்னொரு பக்கம் நறுக்கி வைத்த பூசணிக்காய். உள்ளே மகள் ஏதோ நுழைவுத் தேர்வுக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், அவன் சும்மா தாறான். வாங்கிக்கிட்டா என்ன?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. கண்ணாடி இறங்கிவிட்டது.

"சரி சரி, வாய்தவறிட்டு. கேக்காதீங்க."

"கேக்கல. கடுதாசியில ரெண்டாவது பக்கம் வாசிச்சேளா?"

நான் முதல் பக்கத்திலேயே பூ வாங்கப் போய்விட்டவன். அவர் வாசித்துக் காட்டினார். இரண்டு நிபந்தனை. ஒன்று, "எல்லாம் வெளியே எடு" பொத்தானை நீக்க வேண்டும். இரண்டு, உள்ளூருக்கு மட்டும் உதவுகிற விதிகளை நீக்க வேண்டும்.

"பொத்தான் போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்கோ. நாளைக்கு அவா விலையை ரெட்டியாக்கினா உங்க அரிசிக் கடைக்காரர் எங்க போவார்? உள்ள போனது வெளில வராது."

"அவன் கம்பெனி, அவன் டேட்டாபேஸ். செலவும் அவன் தலையிலதானே விழணும்? அதுதானே நியாயம்?"

"அவாளும் கொடுக்கட்டும். வேண்டாம்னா சொன்னேன்? அவா மட்டும் கொடுக்கப்படாது. ஒருத்தர் மட்டும் கொடுத்தா அது அந்த ஒருத்தரோட டூலாக்கும்."

"மகளுக்குக் காலேஜ் வருதே மேடம். உங்களுக்கு வேலையும் போகுது."

"அது என் கவலை. அதை நான் பாத்துக்கறேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஓசியில் கிடைக்க வேண்டிய டூலை இந்த அம்மாவின் பிடிவாதம் கெடுக்கிறதே என்றுதான் ஆத்திரம். அவருடைய சம்பளத்தைப் பற்றி நான் பேசியது வெறும் சாக்கு. பஸ்ஸில் திரும்பும்போது "அகம்பாவம், சுத்த அகம்பாவம்" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

நாலு நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார். "உங்க பில்லுல மகமைன்னு ஒரு வரி உண்டே. அந்தச் சங்கக்காராளைப் பாக்கணும். கூட்டிண்டு போவேளா?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மகமைப் பணத்தைக் கம்ப்யூட்டருக்குக் கேட்கப் போகிறாராம்! அவமானப்பட்டு வரட்டும், அப்புறமாவது அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்துத்தான் கூட்டிப் போனேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

சங்கத்தின் மாடியில் முப்பது பேர் இருந்தார்கள். தலைவர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், மிளகாய் மண்டிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, நீங்க சொல்லுதது வெளங்குது. ஆனா மகமை கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ளதுல்லா? கம்ப்யூட்டருக்கு எப்படிக் குடுக்க?"

"கோயில் யாரோடது அண்ணாச்சி?"

"எல்லாருக்கும் பொது."

"தெருக் காவல்காரர்?"

"அதும் பொதுதான்."

"உங்க சங்கத்துல நாற்பது கடை இந்த டூலை நம்பி ஓடறது. இது யாரோடது?"

"உங்களோடது. நீங்கதானே செஞ்சிய."

"அங்கதான் தப்பு. என்னோடதுன்னா நான் வித்துட்டுப் போயிடலாம். விலையும் வந்தாச்சு. இதோ கடுதாசி." வாசித்தார். உள்ளூர் விதிகளை நீக்க வேண்டும் என்ற இடம் வந்ததும், அரிசிக் கடை முதலாளி நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்தார்.

"பிள்ளையாரை எடுக்கச் சொல்லுதானா? எவன் அவன்?"

ஒரே கூச்சல். மைனஸ் ஒன்றில் பிள்ளையார் உட்கார்ந்த கதை தெரு முழுக்கத் தெரியும். "எவ்வளவு வேணும் சொல்லுங்கம்மா" என்று இரண்டு பேர் பைக்குள் கைவிட்டே விட்டார்கள். காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அந்த அம்மா கையை உயர்த்தினார். "அதுக்காகக் கொடுக்காதீங்கோ."

நான் தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே, சத்தம் கேட்கும்படி.

"பிள்ளையார் ரூல் போனா நீங்க பழையபடி காகிதத்துல சுழி போட்டுப்பேள். ஒரு நஷ்டமும் இல்லை. கோபத்துல கொடுத்தா கோபம் ஆறினதும் நிறுத்திடுவேள். இந்தப் பொத்தானுக்காகக் கொடுக்கறதானா கொடுங்கோ." லேப்டாப்பைத் தலைவர் முன்னால் வைத்தார். "இது பொத்தான் இல்லாத பிரதி. உள்ள இருக்கறது உங்க மண்டியோட பில். உங்க சரக்கு, உங்க வாடிக்கைக்காரா. வெளில எடுங்கோ பாப்போம்."

அண்ணாச்சி மவுசைப் பிடித்து அங்கே அமுக்கினார், இங்கே அமுக்கினார். மகனைக் கூப்பிட்டார், மகனும் அமுக்கினார். திரையில் எல்லாம் தெரிந்தது, ஒன்றும் வெளியே வரவில்லை. பத்து நிமிஷம் கழித்து மவுசை விட்டார்.

"அப்ப நம்ம குடோன் சாவி அவன் இடுப்புலல்லா இருக்கும்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார் அந்த அம்மா.

அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். "ஆமா, இதை வச்சுத்தானே நீரு நம்மகிட்ட ரிப்பேர்க் காசு வாங்குதீரு? நீரு எவ்வளவு குடுக்கீரு வேய்?"

முப்பது தலையும் திரும்பியது. இரண்டு வருஷமாக ஒன்றும் கொடுத்ததில்லை என்று அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அந்தத் தெருவில் பிழைத்திருக்க மாட்டேன். அவர் சொல்லவில்லை. கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. எனக்காகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்னைப் பார்த்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

"அஞ்சு கடைப் பங்கு," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். மடங்கியே இருந்த கை அன்றைக்கு நிமிர்ந்தது. பிறகு மற்ற நாலு சாப்ட்வேர்க் கடைக்காரர்களையும் நானே போய் உலுக்கிச் சேர்த்தேன்.

ஒரு கடைப் பங்கு என்றால் மாதம் இரண்டு மத்தியானச் சாப்பாட்டுக் காசு. இதுதான் முடிவானது. டூலைத் திறந்ததும் கொடுப்பவர்கள் பெயரெல்லாம் ஒரே அளவு எழுத்தில் வரும். மண்டி அண்ணாச்சிக்குப் பெரிய எழுத்து கிடையாது. அந்த அம்மாவின் பெயர் அதில் இல்லை. கேட்டதற்கு, "நான் சம்பளம் வாங்கறவள். கொடுக்கறவா பேர்தான் வரணும்," என்றார்.

அந்தச் சம்பளம் கம்பெனி தருவதாகச் சொன்னதில் பாதிகூட இல்லை. பாதி நாள் டூல் வேலை, மீதிப் பாதி நாள் வெளி வேலை என்று நாலு வருஷம் ஓட்டினார். மகள் ஆசைப்பட்ட காலேஜை விட்டுவிட்டு வேறு ஒன்றில் சேர்ந்தாள் என்று பின்னால்தான் தெரிந்தது. அதைப் பற்றி அவர் எங்களிடம் மூச்சு விட்டதில்லை.

மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும் அவரும் அங்கே போய்விட்டார். டூலை இப்போது நாகர்கோவிலில் இரண்டு புரோகிராமர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், எங்கள் மகமையில்தான். கடை கடையாக அதை வசூலிக்கிற வேலை என்னுடையது. புதிதாக யாராவது போன் செய்து, "கரமனை டூல் சும்மாதானே சார்?" என்று கேட்டால் நான் கண்ணாடியை இறக்கிக்கொள்கிறேன். போனில் தெரியாது என்றாலும் இறக்கிக்கொள்கிறேன்.

போன மாதம் பனி நாட்டிலிருந்து மெயில் வந்தது. வேறு ஏதோ தேசத்தில் அவர்களுடைய பெரிய வாடிக்கைக்காரர் ஒருவரின் டேட்டாபேஸ் படுத்துவிட்டதாம். கம்பெனியிடமே உள்ளே பார்க்க டூல் இல்லை. எங்கள் டூலின் ஒரு பிரதி இலவசமாகக் கிடைக்குமா என்று ரொம்பப் பணிவாகக் கேட்டிருந்தார்கள். எங்கள் வழக்கத்தை எழுதி அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு சேர்ந்தார்கள். இப்போது பட்டியலில் ஒரு தேங்காய் எண்ணெய்க் கடைக்கும் ஊதுபத்தி மொத்தக் கடைக்கும் நடுவில் அந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது, அதே அளவு எழுத்தில்.

உடனே கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன்.

"எத்தனை பங்கு கொடுக்கறா?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான் மேடம். கூடத் தாறேன்னாங்க. அரிசிக் கடைக்கு என்னவோ அதுதான்னு சொல்லிட்டேன்."

"நன்னாச்சு. பொத்தான் இருக்கோ?"

"இருக்கு மேடம்."

"அமுக்கிப் பாத்தேளா?"

பொத்தான் திரையில் இருப்பதைத்தான் பார்த்திருந்தேன்.

"பாத்துட்டுக் கூப்பிடுங்கோ," என்று வைத்துவிட்டார்.

உடனே இறங்கி அரிசிக் கடைக்குப் போனேன். கணக்குப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார். டூலைத் திறந்து, மூலைப் பொத்தானை அமுக்கினேன். அந்தக் கடையின் ஒரு வருஷம் முழுக்க வரிசை வரிசையாக வெளியே வந்தது. முதல் வரியில் மைனஸ் ஒன்று, உ, லாபம்.

போனை எடுத்து அவரைத் திரும்பக் கூப்பிட்டேன்.